புகார் கொடுத்த அக்காவுக்கு வேலை போய்விட்டது, வழி சொல்லுங்கள்

வணக்கம். குழுவில் வழக்கறிஞர்கள், சிறப்பாசிரியர்கள் இருந்தால் கொஞ்சம் பாருங்கள்.

என் அக்கா காது கேளாத பிள்ளைகள் தங்கிப் படிக்கும் தனியார் பள்ளியில் சிறப்பாசிரியர். விடுதியில் ஒரு பிள்ளைக்குப் பாலியல் துன்புறுத்தல் நடப்பது தெரிந்து நிர்வாகத்திடம் சொன்னாள். நமக்குள்ளேயே பேசி முடிக்கலாம் என்றார்கள். அவள் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழைத்துவிட்டாள். போலீஸ் வழக்கும் பதிந்தாயிற்று. அப்புறம்தான் அக்காவை வேலையை விட்டு நிறுத்தினார்கள். அனுபவச் சான்றிதழ் தரவில்லை. பள்ளியின் பெயரைக் கெடுத்தாள் என்று வக்கீல் நோட்டீஸ் வேறு!

போக்சோ சட்டம் 19-ஆம் பிரிவுப்படி தகவல் சொல்வது கடமை. மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்குத்தான் 21-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை. நல்லெண்ணத்தோடு சொன்னவர்மீது சிவில், கிரிமினல் பொறுப்பு வராது என்கிறது 19(7). சரி, நோட்டீஸுக்கு அது பதில். போன வேலைக்கு? ஆசிரியர்கள் சட்டப்படி தொழிலாளர் அல்ல என்று 1988-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதால் லேபர் கோர்ட் போக முடியாதாம். வேறு எங்கே போகலாம்? இப்படி வழக்கு நடத்தியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் சட்டப்பணிகள் ஆணைக்குழு வக்கீல் தரும் என்பது தெரியும், அங்கே அனுபவம் எப்படி?

இன்னொன்று, இதுதான் அவசரம். அந்தப் பிள்ளை சாட்சி சொல்லும்போது சைகை மொழி பெயர்க்கப் பள்ளி ஆளையே அனுப்பப் பார்க்கிறார்கள். போக்சோ 38-ஆம் பிரிவில் நீதிமன்றமே தகுதியான ஒருவரை அழைக்கலாம். பள்ளிக்குச் சம்பந்தமில்லாத, அனுபவமுள்ள மொழிபெயர்ப்பாளர் தெரிந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள்.

பள்ளி, ஊர், பிள்ளை பற்றி யாரும் கேட்க வேண்டாம். 23-ஆம் பிரிவுப்படி அடையாளத்தை வெளியிடக் கூடாது.