தண்ணிக்கு நடுவுல நிக்கிற ரஷ்ய சர்ச், அந்த ஊருக்கு என்னதான் ஆச்சு?

வெட்டிப்பயணி:
மக்களே ஒரு டவுட்டு. குரூப்ல ஒரு போட்டோ ஃபார்வர்டு ஆகி வந்துச்சு, சுத்தி கண்ணுக்கு எட்டுன தூரம் தண்ணி, நடுவுல செங்கல் எல்லாம் பேர்ந்து போன ஒரு சர்ச், அதுலயும் மணிக்கோபுரம் மட்டும்தான் உருப்படியா நிக்குது. கீழ "க்ரோகினோ, ரஷ்யா"ன்னு போட்டிருக்கு, வேற விவரமே இல்ல. கமெண்ட்ல பாதி பேரு ஏஐ படம்ங்கிறாங்க, மீதி பேரு சர்ச்ச ஒழிக்கணும்னே கம்யூனிஸ்ட் ஆளுங்க ஊரை முக்கிட்டாங்கன்னு சண்டை போடுறாங்க. எது நிஜம்?

பழையவரைபடம்:
படம் நிஜம்தான். வோலோக்டா மாகாணத்துல பெலோயே ஏரின்னு ஒண்ணு இருக்கு, அதுலேர்ந்து ஷெக்ஸ்னா ஆறு புறப்படுற வாய்லதான் க்ரோகினோ இருந்துச்சு. அந்த ஆத்து வாயில ரொம்ப காலமாவே ஜனங்க இருந்திருக்காங்க, பழைய பெலோசெரோ பட்டணம் அங்கதான், ரஷ்ய வரலாற்றுக் குறிப்புல 862ம் வருஷக் கதையிலயே அந்தப் பேரு வருது. 14ம் நூற்றாண்டுல கொள்ளைநோய் வந்து அந்தப் பட்டணம் இப்ப பெலோசெர்ஸ்க் இருக்கிற இடத்துக்கு மாறிடுச்சு.

க்ரோகினோக்கு சோறு போட்டதே படகுதான். வோல்கா பக்கத்துலேர்ந்து பீட்டர்ஸ்பர்க்குக்கு போற சரக்கெல்லாம் ஷெக்ஸ்னா வழியா மேல வரும், ஆனா ஏரியில காத்து அடிச்சா அலை பயங்கரமா இருக்கும், ஆத்துப் படகு தாங்காது, அதனால இங்க நிறுத்தி சரக்க இறக்கி ஏரிக்குன்னே கட்டுன பெரிய படகுல ஏத்தணும். ஏத்துக்கூலி, இறக்குக்கூலி, கயிறு கட்டி இழுக்கிற ஆளுங்க, வழி காட்டுறவங்க, காத்து அடங்குற வரைக்கும் காத்துக்கிடக்கிற வியாபாரிங்களுக்கு சாப்பாடுன்னு ஊரே அதுல பொழச்சுது. 1788ல கிறிஸ்து பிறப்பு சர்ச்ச செங்கல்லயே கட்டுனாங்கன்னா சும்மாவா, அந்தப் பக்கத்து வீடெல்லாம் மரம்தான்.

அப்புறம் 1846ல ஏரியச் சுத்தி ஒரு கால்வாய் வெட்டி திறந்துட்டாங்க. படகு எதுவும் ஏரிக்குள்ள போக வேண்டிய அவசியமே இல்ல, அப்ப க்ரோகினோல எதுக்கு நிக்கணும்? ஊரு மூழ்குறதுக்கு நூறு வருஷம் முன்னாடியே வரும்படி போச்சு. இத யாரும் சொல்ல மாட்டேங்கிறாங்க.

சிவப்புத்துண்டு:
சர்ச்ச ஒழிக்க முக்குனாங்கங்கிறது சுத்த பேத்தல். சோவியத் காலத்துல சர்ச்ச பூட்டுனாங்க, சரி, அது மதத்துக்கு எதிரான கொள்கைதான், நான் அதுக்கு வக்காலத்து வாங்கல. ஆனா தண்ணி வந்தது வோல்கா ஆத்தையும் பால்டிக் கடலையும் இணைக்கிற வோல்கா பால்டிக் நீர்வழிக்காக. பெரிய கப்பல் போகணும்னு அணை போட்டு நீர்மட்டத்த ஏத்துனாங்க, 1964ல அந்த வழி திறந்துச்சு, அதுக்கு முன்னாடியே 60கள் ஆரம்பத்துல ஜனங்கள காலி பண்ண வச்சாச்சு. சர்ச் இருந்தாலும் இல்லாட்டியும் அந்த ஊரு போயிருக்கும்.

பழையவரைபடம்:
@சிவப்புத்துண்டு ஒத்துக்கிறேன், ஆனா ஒண்ணு, பூட்டிப்போட்ட சர்ச்சுக்காகப் பேச ஆளே இல்லாம போச்சுல்ல, அதையும் சேர்த்துதான் பாக்கணும். மத்தபடி கால்வாய் ஒண்ணு பொழப்ப எடுத்துச்சு, இன்னொண்ணு ஊரையே எடுத்துச்சு, அவ்ளோதான்.

குளிர்தாங்கி:
நான் ரஷ்யால மெடிசின் படிச்சப்ப அங்கத்திய சீனியர் ஒருத்தர் அந்த சர்ச்சுக்கு வாலன்டியரா போவாரு, அவர் சொல்லித்தான் எனக்கு தெரியும். தண்ணி மட்டும் சேதம் பண்ணல, கப்பல் போகும்போதெல்லாம் அலை வந்து சுவத்துல மோதும், அப்புறம் குளிர்காலத்துல செங்கல்லுக்குள்ள ஊறுன தண்ணி உறைஞ்சு விரியும், வசந்தத்துல ஐஸ் உடைஞ்சு வந்து இடிக்கும், இப்படியே வருஷா வருஷம். மெயின் கட்டடம் பெரும்பாலும் விழுந்துடுச்சு. 2010 வாக்குலேர்ந்து ஒரு குரூப்பு போய் வேலை செய்யுது, ரோடு கிடையாது, சிமெண்டு மூட்டை முதக்கொண்டு படகுலதான். அவங்க செஞ்ச வேலைய கேளுங்க, தண்ணிக்குள்ள விழுந்து கிடக்கிற சர்ச்சோட செங்கல்லயே கையால பொறுக்கி எடுத்து சுத்தி கரை மாதிரி போட்டிருக்காங்க, அலை நேரா சுவத்துல படக்கூடாதுன்னு. பழையபடி கட்டுற எண்ணமெல்லாம் இல்ல, இருக்கிறது விழாம நின்னா போதும்.

வெட்டிப்பயணி:
செம, தாங்க்ஸ். இன்னொரு போட்டோவும் அதே பேர்ல சுத்துது, ஆனா அதுல ஒல்லியா உசரமா வெள்ளை கோபுரம் மட்டும், சர்ச்சே இல்ல. அதுவும் இதானா?

பழையவரைபடம்:
இல்ல, அது கல்யாசின், வோல்கா மேல இருக்கு. 1800ல கட்டுன மணிக்கோபுரம், 74 மீட்டர் உசரம். உக்லிச் அணைக்காக 1940 வாக்குல சர்ச்ச இடிச்சுட்டு கோபுரத்த மட்டும் விட்டாங்க. அங்க டூரிஸ்ட் கூட்டம் அள்ளும், அதனால காசும் கிடைக்குது. க்ரோகினோக்கு அந்தக் குடுப்பினை இல்ல. "கலினா க்ராஸ்னயா"ன்னு 1974ல வந்த சோவியத் படத்துல அந்த சர்ச் தண்ணிக்குள்ள நிக்கிறது வரும், கிடைச்சா பாரு, இப்ப இருக்கிறதுக்கும் அதுக்கும் எவ்ளோ வித்தியாசம்னு அதுலயே தெரியும்.