ஃபோரொஸ்: திறையா, கூட்டிறையா?

> ஏதென்ஸ் தன் கூட்டணி நகரங்களிடம் வாங்கிய பணத்துக்குக் கிரேக்கத்தில் ‘ஃபோரொஸ்’ என்று பெயர். அதைத் தமிழில் ‘திறை’ என்று போட்டு முடிக்கலாமே. சங்கப் பாட்டிலேயே இருக்கிற சொல்.

வணக்கம் ஐயா,

திறை எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் தோற்றவன் வென்றவனுக்குக் கட்டுவதல்லவா திறை? பொ.ஆ.மு. 477 வாக்கில் டெலோஸ் தீவை நடுவமாக வைத்துச் சேர்ந்த நகரங்கள் ஏதென்ஸிடம் தோற்றவை அல்ல. பாரசீகரோடு போரைத் தொடரக் கப்பல் வேண்டும், கப்பல் தராதவர்கள் பணம் தரட்டும் என்பது ஏற்பாடு. யார் எவ்வளவு என்று வகுத்தவர் அரிஸ்டைடிஸ். மொத்தம் 460 தாலந்து (வெள்ளியை நிறுக்கும் அக்கால அளவு) என்கிறார் கிரேக்க வரலாற்றாசிரியர் தூசிடிடிஸ். முதல் பக்கத்திலேயே திறை என்று எழுதினால் கதையின் முடிவை முதலிலேயே உடைத்ததாகிவிடும்.

கிரேக்கச் சொல்லின் வேர்ப்பொருள் ‘கொண்டுவருவது’, அவ்வளவுதான். அதனால் ‘கூட்டிறை’ என்கிறேன். இறை என்றால் வரி. கல்வெட்டில் ‘இறையிலி’ (வரியில்லா நிலம்) படித்தவர்களுக்குச் சட்டென்று விளங்கும். (454-இல் கருவூலம் ஏதென்ஸுக்குப் போனபின் அறுபதில் ஒரு பங்கு ஏதீனா தேவிக்கு. ‘இறை’ அங்கேயும் பொருந்துகிறது! இதை வாதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

கூட்டணியிலிருந்து விலகப் பார்த்த நக்சோஸ் தீவை முற்றுகையிட்டு அடக்கினார்கள். 427-இல், அப்படியே விலகப் பார்த்த லெஸ்போஸ் தீவின் மிட்டிலீன் நகர ஆண்கள் அனைவரையும் கொல்லச் சொல்லி மக்கள் அவையே கைதூக்கியது. மறுநாள் அவை மனம் மாறியது. கொலை ஆணையோடு போன முதல் கப்பலைத் துரத்திக்கொண்டு, அதை நிறுத்த இரண்டாவது கப்பல் போனது. அதே அவையில்தான் ஏதென்ஸ் அரசியல்வாதி கிளியோன், ‘உங்கள் பேரரசு ஒரு கொடுங்கோன்மை’ என்று முகத்துக்கு நேரே சொன்னதாக தூசிடிடிஸ் எழுதுகிறார். சொல் அப்படியே இருக்க, பொருள் மட்டும் கசந்தது. அந்தக் கசப்பு தெரிய, கசக்காத சொல்லில் தொடங்க வேண்டும்.

---

ஐயா, ஒரு தடை.

பாரசீக மன்னன் டேரியஸ் தன் மாகாணங்களிடம் வாங்கியதையும் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் ஃபோரொஸ் என்றே எழுதுகிறார். ஆசியக் கரையிலிருந்த அயோனியக் கிரேக்க நகரங்கள் பாரசீகருக்குக் கட்டியதும் அதுதான். தொடக்கத்தில் இனித்த சொல் என்பதை நான் நம்பவில்லை.

இன்னொன்று. 377-இல் ஏதென்ஸ் இரண்டாம் கூட்டணி கட்டியபோது, எந்த நகரமும் ஃபோரொஸ் செலுத்த வேண்டியதில்லை என்று கல்லிலேயே வெட்டி வாக்குக் கொடுத்தது. பிறகும் பணம் வாங்காமல் இல்லை. பெயரை மட்டும் ‘சிண்டாக்ஸிஸ்’ (கூட்டுப் பங்களிப்பு) என்று மாற்றிக்கொண்டது. உங்கள் கூட்டிறை அதற்கல்லவா அச்சாகப் பொருந்தும்?

---

ஹெரோடோட்டஸ் எழுதியது ஒரு தலைமுறைக்கு மேல் பிந்தி. 477-இல் அந்தச் சொல் எப்படிக் காதில் விழுந்தது என்பதற்கு அது மட்டும் போதாது. ஆனால் 377 கல்வெட்டுக்கு என்னிடம் மறுப்பில்லை. கலைச்சொல் பட்டியலில் ஃபோரொஸ் – திறை, சிண்டாக்ஸிஸ் – கூட்டிறை என்று திருத்திவிட்டேன்.

அடுத்தது ‘கிளெரூகியா’. மிட்டிலீன் தோற்றபின் லெஸ்போஸ் நிலத்தை 3000 பங்காக்கி, 300-ஐத் தெய்வங்களுக்கு ஒதுக்கி, மிச்சத்தைச் சீட்டுக் குலுக்கி ஏதென்ஸ்காரர்களுக்குக் கொடுத்தார்களே, அந்த ஏற்பாடு. ‘குடியேற்றம்’ போதாது. சீட்டு சொல்லுக்குள் வர வேண்டும்.