மின்தூக்கி நின்ற மூன்று நாளும் என் உடலும்: எங்கிருந்து தொடங்குவது?

ஆயர் ஈத்தாம் வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பினாங்கு ஆயர் ஈத்தாமில் ஓர் அடுக்குமாடியின் 14ஆவது மாடியில் குடியிருக்கிறேன். வயது 46, காலை முதல் மாலை வரை கணினியின் முன் அமர்ந்து கணக்குப் பார்க்கும் வேலை.

சென்ற மாதம் எங்கள் கட்டடத்தின் மின்தூக்கிகள் பழுதாகி மூன்று நாள் ஓடவில்லை. முதல் நாள் மாலை 10 கிலோ அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு படியேறத் தொடங்கிய நான், ஆறாவது மாடியில் மூட்டையை இறக்கிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தொடை நடுங்கியது, வாயைத் திறந்தால் பேச்சு வரவில்லை. அந்த நேரத்தில் மணிக்கட்டில் இருந்த திறன் கடிகாரம் அதிர்ந்து, அன்றைய 10,000 அடிகளை நான் முடித்துவிட்டதாகப் பாராட்டியது. ஒன்பதாவது மாடியில் இருக்கும் சீன மூதாட்டி, எழுபதைத் தாண்டியவர், கையில் காய்கறிப் பையுடன் ஒரே சீராக என்னைக் கடந்து ஏறிப் போனார். அவரிடம் கைப்பேசியைத் தவிர வேறு கருவி எதையும் நான் பார்த்ததில்லை.

நடைப்பொறி, கடிகாரம், தூக்கத்தை அளக்கும் செயலி என்று இரண்டு ஆண்டுகளாகப் பணத்தைக் கொட்டிய எனக்கு, என் உடலால் எதைச் செய்ய முடியும் என்பதே தெரியாமல் இருந்திருக்கிறது. கருவிகளை ஒதுக்கிவிட்டு உடலையே நம்பிப் பழகுவது இந்த வயதில் கைகூடுமா?

இயன்முறை மருத்துவர், ஜார்ஜ்டவுன்

கைகூடும், ஐயா. முதலில் அந்த 10,000 என்ற எண்ணை மனத்திலிருந்து இறக்கி வையுங்கள். அது 1965ஆம் ஆண்டு ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஓர் அடிமானியின் (அடிகளை எண்ணும் கருவி) பெயரிலிருந்து பரவியது; ஆராய்ச்சி செய்து வகுத்த அளவன்று. மேலும், உங்கள் கடிகாரம் அடிகளைக் கணக்கிடுவது மணிக்கட்டின் அசைவை வைத்துத்தான். பேரங்காடியில் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நடந்தால் கை அசையாது, கணக்கும் குறையும். சமதளத்தில் நடந்தீர்களா, சுமையோடு படியேறினீர்களா என்ற வேறுபாடு அடிகளின் எண்ணிக்கையில் வராது.

உங்களுக்குக் குறைந்திருப்பது தொடையின் வலு. நாற்காலியில் அமர்ந்து, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடிகளில் எத்தனை முறை முழுமையாக எழுந்து அமர முடிகிறது என்று எண்ணிப் பாருங்கள். முதியவர்களின் கால் வலுவைச் சோதிக்க நாங்கள் பயன்படுத்தும் முறைதான் இது. வாரத்திற்கு 150 நிமிட மிதமான இயக்கத்துடன், இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நம்மவர்கள் நடையோடு நிறுத்திவிட்டு, அந்த இரண்டாவது பகுதியை மறந்துவிடுகிறோம். மூச்சு வாங்கியதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாமல், ஒருமுறை இதயத்தையும் இரத்த அழுத்தத்தையும் பரிசோதித்துக்கொண்டு தொடங்குங்கள்.

செந்தூல் அக்கா

தம்பி, கருவியையே பழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. நான் நீரிழிவு நோயாளி. இரண்டு வாரம் புஜத்தில் சர்க்கரை அளவியை ஒட்டியிருந்தேன். நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டு அமர்ந்திருந்த நாளில் ஏறிய அளவும், அதையே சாப்பிட்டுவிட்டு எங்கள் குடியிருப்பை 15 நிமிடம் சுற்றி வந்த நாளில் ஏறிய அளவும் வெவ்வேறாக இருந்ததைக் கண்ணால் பார்த்த பிறகுதான், மருத்துவர் பல ஆண்டுகளாகச் சொன்னது என் மண்டையில் ஏறியது. தசை இயங்கும்போது, இன்சுலினின் துணை இல்லாமலேயே இரத்தத்தில் உள்ள சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்று அவர் விளக்கினார். அளவியைக் கழற்றி எட்டு மாதமாகிறது, நடை நிற்கவில்லை. பத்துமலையின் 272 படிகளை இவ்வாண்டு இரண்டே இடத்தில் நின்று ஏறினேன்.

பழைய தோட்டத்துக்காரர், கெடா

இளையவர்கள் பேசுவதைப் படிக்க மகிழ்ச்சியாக இருக்கிறது. ஒன்றை மட்டும் சேர்க்க விரும்புகிறேன். "அந்தக் காலத்தில் கருவி இல்லை, உடல் இரும்பாக இருந்தது" என்று இனி யாராவது இங்கே எழுதக்கூடும். நான் ரப்பர்த் தோட்டத்தில் 22 ஆண்டுகள் பால்மரம் வெட்டியவன், அதாவது மரப்பட்டையைக் கீறிப் பால் எடுத்தவன். விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) நின்று, மேட்டிலும் பள்ளத்திலும் மரத்துக்கு மரம் ஓடி, பால் வாளிகளைக் காண்டாவில் (தோளில் வைக்கும் காவடிக் கம்பில்) சுமந்தோம். கால் வலுவாகத்தான் இருந்தது. ஆனால், ஒரே பக்கம் குனிந்து வெட்டிய இடுப்பு இன்றும் வலிக்கிறது, என்னோடு வேலை செய்த பெண்கள் பலருக்கு முழங்கால் போய்விட்டது. ஓய்வும் நல்ல சாப்பாடும் இல்லாத உழைப்பு உடலைத் தேய்த்துவிடும். உங்களுக்கு அந்த இரண்டும் கிடைத்திருக்கின்றன, தம்பி. எங்களுக்கு அமையாத அந்த வாய்ப்பை வைத்துக்கொண்டு உடலை வளர்த்துக்கொள்ளுங்கள்.

ஆயர் ஈத்தாம் வாசி

மூவருக்கும் என் நன்றி. மருத்துவரைப் பார்த்துவிட்டேன், இரத்த அழுத்தம் சற்றுக் கூடுதலாக இருப்பதாகவும், நடக்கவும் ஏறவும் தடையில்லை என்றும் சொன்னார். நாற்காலிச் சோதனையில் 11 முறை எழுந்தேன். தோட்டத்து ஐயா ஓய்வைப் பற்றிச் சொன்னதை மனத்தில் வைத்து, ஒரு நாள் விட்டு ஒரு நாள், சுமையின்றி, நான்காவது மாடி வரை படியேறி, அங்கிருந்து மின்தூக்கியில் போகிறேன். தண்ணீர்மலைக் கோயிலின் 513 படிகளைத் தைப்பூசத்திற்குள் ஏற வேண்டும், பிறகு தாவரவியல் பூங்காவிலிருந்து ஜீப் பாதை வழியே கொடிமலைக்கு (பினாங்கு மலை) நடந்து போக வேண்டும் என்பது ஆசை. நேற்று அந்த மூதாட்டியைப் படிக்கட்டில் மீண்டும் பார்த்தேன். மின்தூக்கி ஓடும் நாளிலும் அவர் படியில்தான் ஏறுகிறார் என்பது எனக்கு நேற்றுத்தான் தெரிந்தது.