பழந்துணியைச் சுவருக்குள் வைக்கலாமா?

நூல்கண்டு:
மாடியறைக்குப் பொய்க்கூரையும் ஒரு தடுப்புச்சுவரும் போடப் போகிறேன். வெப்பக்காப்புக்குக் கண்ணாடி நார் வேண்டாம், பழந்துணிப் பலகை போடலாம் என்று நினைக்கிறேன். பழைய ஜீன்ஸ், வெட்டுத்துணி எல்லாவற்றையும் கிழித்து நாராக்கி, பாலியெஸ்டர் இழை கொஞ்சம் கலந்து, சூட்டில் ஒட்டவைத்துச் செய்வது. ஆடை செய்யப் பயன்படும் பொருளில் நூற்றில் ஒரு பங்குகூட மறுபடி ஆடையாவதில்லை என்று எல்லன் மெக்கார்தர் அறக்கட்டளை 2017-இல் எழுதியது. குப்பைமேட்டுக்குப் போகிற துணி சுவருக்குள் பல வருடம் உழைக்கட்டுமே. என்ன சொல்கிறீர்கள்?

ஓதம்பார்த்தவன்:
வேண்டாம் நண்பரே. நான் பழுதுபார்க்கும் வேலையில் இருப்பவன். ஒரு வீட்டில் வெளிச்சுவர்ப் பலகையைக் கழற்றினேன். உள்ளே நிறுத்தியிருந்த துணிப்பஞ்சு கீழே சரிந்து கட்டிதட்டிக் கிடந்தது. மேலே இரண்டு சாண் வெற்றிடம். கையால் அழுத்தினால் தண்ணீர் கசிந்தது, பூஞ்சணவாடை முகத்தில் அடித்தது. ஜன்னல் ஓரத்தில் ஒரு மெல்லிய விரிசல், அவ்வளவுதான் காரணம். வெளியிலிருந்து பார்த்தால் எதுவுமே தெரியவில்லை.

காற்றுச்சிறை:
அது விரிசலின் குற்றம். அதற்குத் துணியைப் பழி சொல்லக் கூடாது. வெப்பத்தைத் தடுப்பது நார் இல்லை, நார்களுக்கிடையே அசையாமல் நிற்கும் காற்று. அதனால்தான் பொருள் எதுவானாலும் எண்கள் பக்கத்தில் பக்கத்தில் வருகின்றன. வெப்பக்கடத்துத்திறன் (எண் குறைந்தால் தடுப்பு அதிகம்) கண்ணாடி நாருக்கு ஏறத்தாழ 0.032 முதல் 0.040 வாட், பழந்துணிப் பலகைக்கு 0.039 அளவில் (மீட்டருக்கு, ஒரு கெல்வினுக்கு). அதே பலன் வேண்டுமானால் கொஞ்சம் தடிமன் கூட்டினால் போதும். சான் ஃபிரான்சிஸ்கோவில் 2008-இல் திறந்த கலிஃபோர்னியா அறிவியல் கழகக் கட்டடத்தில் பழைய ஜீன்ஸ் பஞ்சைத்தான் வைத்தார்கள். கண்ணாடி நாரைக் கையாண்டால் தோல் அரிக்கும், தொண்டை கரகரக்கும். துணிப்பஞ்சில் அந்த அரிப்பு இல்லை.

ஓதம்பார்த்தவன்:
காற்று நிற்கும்வரை சரி. அந்த இடத்தில் தண்ணீர் புகுந்தால்? தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வெப்பம் கடத்தும். கண்ணாடி நாரும் நனைந்தால் கெடும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கண்ணாடி மக்காது. பருத்தி சாதாரணக் காற்றிலேயே தன் எடையில் எட்டு சதவீதம்போல ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியெஸ்டர் அரை சதவீதம்கூடக் கிடையாது. ஒரே பலகையில் இரண்டும் கலந்து வருகிறது. எது எவ்வளவு என்று வாங்குகிறவருக்குத் தெரியுமா?

தீக்குச்சி:
ஈரத்தைவிட எனக்குத் தீதான் பயம். மருந்து போடாத துணிப்பஞ்சு ஒரு கைப்பிடியை முற்றத்தில் வைத்துக் கொளுத்திப் பார்த்தேன். சுவாலை சீக்கிரமே அணைந்துவிட்டது. முடிந்தது என்று திரும்பினால் உள்ளே தணல் சத்தமில்லாமல் கனன்று, கொஞ்ச நேரத்தில் நடுவில் கரிப்பொந்து விழுந்திருந்தது. சுவருக்குள் இப்படி நடந்தால் யார் பார்ப்பது? போரேட் உப்பு (தீயைத் தடுக்கத் துணியில் ஏற்றும் போரான் சேர்ந்த உப்பு) ஏற்றிய துண்டு நகக்கண் அளவு கருகி நின்றுவிட்டது.

காற்றுச்சிறை:
அதனால்தான் போரேட் சேர்க்கிறார்கள். பூச்சி, பூஞ்சணம் இரண்டுக்கும் அதுவே தடுப்பு.

தீக்குச்சி:
சேர்க்கிறார்கள், ஆனால் போரேட் தண்ணீரில் கரையும். தொடர்ந்து ஒழுக்கு இருந்தால் உப்பு கழுவிக்கொண்டு போகும், அப்புறம் காய்ந்த பஞ்சு வெறும் பஞ்சுதான். இனப்பெருக்கத்துக்குக் கேடு என்பதால், போரேட்டின் உறவான போரிக் அமிலத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2010-இல் மிகுந்த கவலைக்குரிய பொருட்களின் பட்டியலில் சேர்த்ததையும் மறக்க வேண்டாம். வெட்டிப் பொருத்தும்போது தூசி பறக்கும், முகக்கவசம் இதற்கும் வேண்டும்.

நூல்கண்டு:
அப்படியானால் துணிக்கழிவு குப்பைமேட்டுக்கே போகட்டுமா? மனம் ஒப்பவில்லை.

ஓதம்பார்த்தவன்:
அப்படிச் சொல்லவில்லை. இடம் பார்த்து வையுங்கள் என்கிறேன். இரண்டு அறைகளுக்கு நடுவே உள்ள தடுப்புச்சுவரில் மழை படாது. அங்கே நான் எதிர்க்கவே மாட்டேன். சத்தத்தை நன்றாக உறிஞ்சும்; கார்களில் கால்விரிப்புக்கு அடியில் வைப்பதும் இதே சரக்குதான். கூரைக்கு அடியிலும் வெளிச்சுவரிலும் மட்டும் வேண்டாம்.

காற்றுச்சிறை:
கூரைக்கும் முடியாது என்பதை நான் ஏற்கவில்லை. ஒழுக்கு இல்லாத கூரை, பஞ்சுக்கு மேலே காற்றோடும் இடைவெளி, வருடத்துக்கு ஒருமுறை திறந்து பார்க்க ஒரு வாய். இந்த மூன்றும் இருந்தால் துணிப்பஞ்சு உழைக்கும்.

நூல்கண்டு:
என் கூரையில் போன மழைக்கு ஒரு மூலை ஒழுகியது, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதனால் இப்போதைக்குத் தடுப்புச்சுவரில் மட்டும் வைக்கிறேன். கூரையை அடைத்து ஒரு மழைக்காலம் பார்த்துவிட்டு மேலே யோசிக்கலாம்.

தீக்குச்சி:
நல்லது. தடுப்புச்சுவரிலும் ஸ்விட்ச் பெட்டியைச் சுற்றிப் பஞ்சைத் திணிக்காதீர்கள், ஒரு சாண் விட்டு நிறுத்துங்கள். வாங்குமுன் ஒரு துண்டு கேட்டு வாங்கி, வெளியே வைத்துக் கொளுத்துங்கள். சுவாலை அணைந்ததும் போய்விடாமல் அரை மணி நேரம் பக்கத்திலேயே இருங்கள்.