குறியற்ற ஆர்.என்.ஏ.வா, புரதமாகா ஆர்.என்.ஏ.வா?

நண்பர்களுக்கு வணக்கம்.

புரதம் செய்யப் பயன்படாத ஆர்.என்.ஏ.வை ஆங்கிலத்தில் non-coding RNA என்கிறார்கள். அதைத் தமிழில் ‘குறியற்ற ஆர்.என்.ஏ.’ எனலாம் என்ற பரிந்துரை எனக்கு ஒப்பவில்லை. ‘புரதமாகா ஆர்.என்.ஏ.’ என்று வைத்துக்கொள்ளலாம். ஈஸ்ட்டில் நடப்பதைப் பார்த்தால் காரணம் விளங்கும்.

மொட்டு விடும் ஈஸ்ட்டின் இரட்டைமயச் செல் (இரண்டு தொகுதி குரோமோசோம் கொண்டது) பட்டினி கிடந்தால் ஐ.எம்.இ.1 மரபணு விழித்துக்கொள்ளும். குரோமோசோம் தொகுதிகளைப் பாதியாக்கும் குன்றல் பிரிவு நடந்து நான்கு ஸ்போர்கள் உண்டாகும். ஒற்றைமயச் செல்லில் இருப்பதோ ஒரே தொகுதி குரோமோசோம். அதைப் பாதியாக்கப் போனால் பிழைக்காது. எனவே அங்கே ஐ.எம்.இ.1 அடங்கியே கிடக்க வேண்டும்.

அடக்குவது ஐ.ஆர்.டி.1 என்ற ஆர்.என்.ஏ.; ஏறத்தாழ 1,400 எழுத்து நீளம். ஒற்றைமயச் செல்லில் இருக்கும் ஆர்.எம்.இ.1 புரதம் இதன் படியெடுப்பை, அதாவது டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ. படி எடுக்கும் வேலையை, தொடங்கிவைக்கிறது. படியெடுக்கும் நொதி ஐ.எம்.இ.1 மரபணுவின் தொடக்கப் பகுதி வழியாகவே ஓடுகிறது. ஓடிய தடத்தில் செட்2 நொதி, டி.என்.ஏ. சுற்றிக்கொண்டிருக்கும் ஹிஸ்டோன் புரதங்களில் மெத்தில் என்ற வேதிக் குறியை இடுகிறது. செட்3 கூட்டமைப்பு அசிட்டைல் குறிகளை நீக்குகிறது. டி.என்.ஏ.வும் ஹிஸ்டோன்களும் சேர்ந்த இழையான குரோமாட்டின் இறுகிவிடுகிறது, தூண்டும் புரதங்களுக்கு அமர இடமில்லை. 2012இல் வெளிவந்த இந்த ஆய்வை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

இப்போது ‘குறியற்ற’ என்பதை இங்கே போட்டுப் பாருங்கள்: ‘குறியற்ற ஆர்.என்.ஏ. குரோமாட்டினில் குறி இடச் செய்கிறது.’ படிக்கிற மாணவர் குழம்பிப்போவார்.

இன்னொரு காரணம்தான் எனக்குப் பெரிது. இதே ஈஸ்ட்டில் என்.டி.சி.80 மரபணுவுக்கு நீளப் படி, குட்டைப் படி என இரண்டு உண்டு. குன்றல் பிரிவின் தொடக்கத்தில் எடுக்கப்படும் நீளப் படியில் புரதத்துக்கான குறிமுறை முழுதாகவே இருக்கிறது. ஆனால் அதற்கு முன்னால் உள்ள குட்டிக் குட்டி வாசிப்புச் சட்டங்களில் (புரதக் குறிமுறையாகப் படிக்கக்கூடிய துண்டுகளில்) புரதம் கட்டும் ரைபோசோம் சிக்கிக்கொள்வதால் அந்தப் புரதம் உருவாவதில்லை. அதோடு, நீளப் படி ஓடும் தடத்தில் குட்டைப் படியின் தொடக்கப் பகுதியும் அடைபட்டுப் போகிறது. இதைக் குறியற்றது என்று எப்படிச் சொல்ல முடியும்? ‘புரதமாகாதது’ என்றால் சரியாக உட்காருகிறது.

அப்புறம், மேலே சொன்ன இரண்டிலும் வேலையைச் செய்வது ஆர்.என்.ஏ. மூலக்கூறைவிட, ஒரு தொடக்கப் பகுதியின் ஊடாகப் படியெடுத்துக்கொண்டு போகும் செயல்தான். அதற்கும் தனிச்சொல் வேண்டும். ‘ஊடுபடியெடுப்பு’ என்று முன்வைக்கிறேன். புரதமாகா ஆர்.என்.ஏ., ஊடுபடியெடுப்பு இரண்டையும் ஒன்றாக்கிவிடக் கூடாது. பிளவு ஈஸ்ட் என்ற வேறொரு ஈஸ்ட்டில், குன்றல் பிரிவுக்கான படிகளை அழியச் செய்யும் எம்.எம்.ஐ.1 புரதத்தை, மெய் ஆர்.என்.ஏ. என்ற மூலக்கூறே மெய்2 புரதத்தோடு சேர்ந்து பிடித்துவைக்கிறது. அதனால்தான் அந்தப் படிகள் அழியாமல் தப்புகின்றன. அதுவும் புரதமாகா ஆர்.என்.ஏ.தான், ஊடுபடியெடுப்பு அல்ல.

‘குரோமாட்டின்’ என்ற சொல்லை மட்டும் மாற்றாமல் அப்படியே வைத்துக்கொள்வோம். பாடநூல்களில் ஊறிய சொல் அது.

‘ஊடுபடியெடுப்பு’ கொஞ்சம் நீளம்தான். ஆனாலும் ‘ஊடுபடியெடுக்கிறது’, ‘ஊடுபடியெடுத்தால்’ என்று வினையாகவும் ஆள முடிகிறது. இதைவிடச் சுருக்கமாக, அதே வசதியோடு ஒரு சொல் தோன்றினால் எழுதுங்கள்.