வாக்குச்சாவடிக்கு அழைத்துச் செல்லத் தன்னார்வலர்கள் தேவை

அனைவருக்கும் வணக்கம். வாக்குப்பதிவு நாளன்று, தனியே வெளியில் செல்ல இயலாத அக்கம்பக்கத்து முதியோரையும் மாற்றுத்திறனாளிகளையும் வாக்குச்சாவடிக்கு அழைத்துச் சென்று, மீண்டும் வீட்டில் கொண்டுவிடும் பொறுப்பை ஏற்றிருக்கிறேன். பயணத்தைவிட வரிசையில் காத்திருப்பதே அதிக நேரம் பிடிக்கும் என்பதால், ஒரே வண்டியில் சிலரையே அழைத்துச் செல்ல முடியும். ஆகவே சக்கர நாற்காலியை மடித்து வைக்க இடமுள்ள கார் வைத்திருப்போரும், சில நாள்களுக்கு முன்பே வீடு வீடாகச் சென்று, பட்டியலில் பெயர் இருக்கிறதா, எந்தச் சாவடி, அடையாள அட்டை கைவசம் உள்ளதா எனப் பார்த்துச் சொல்வோரும் (இவற்றை முன்பே பார்க்காமல் போவதாலும் சிலர் வாக்களிக்காமல் திரும்ப நேரிடுகிறது) தேவைப்படுகிறார்கள். வேட்பாளர் தரப்பு வாக்காளர்களை ஏற்றிச் செல்வதைக் குற்றமாகக் கருதும் சட்டங்களும் உண்டு என்பதால், கட்சிக்கொடி கட்டிய வண்டிகள் வேண்டாம். வழியில் யாருக்கு வாக்கு என்ற பேச்சும் கூடாது. இப்பணியில் முன்னனுபவம் உள்ளவர்கள், நேரத்தை எவ்வாறு பிரித்துக்கொண்டீர்கள் என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.