புரட்டாதியில் விற்ற கலப்பைக்குப் பங்குனியில் காசு: இடைப்பட்ட ஆறு மாதத்தைக் கடப்பது எப்படி?

கேள்வி – கிளிநொச்சி, இயந்திர விற்பனையாளர்

வணக்கம். கிளிநொச்சியில் ஏழு ஆண்டுகளாக உழவு இயந்திரங்களும் கலப்பைகளும் உதிரிப்பாகங்களும் விற்று வருகிறேன். கடையின் பின்புறம் ஒரு சிறிய திருத்தகமும் இருக்கிறது. விற்பனையில் எனக்குக் குறையில்லை. ஆவணி முதல் ஐப்பசி வரை கொத்துக்கலப்பை, மண்ணைச் சுழற்றிப் பொடியாக்கும் ரொட்டவேற்றர், இரண்டு சில்லு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் என்று கேட்டு வருபவர்களுக்கு ஓய்வே இராது. ஆனால் அந்த மாதங்களில்தான் கமக்காரரின் காசு விதைநெல்லுக்கும் உரத்துக்கும் உழவுக்கும் போய்க்கொண்டிருக்கும். மாரி மழையோடு விதைக்கும் காலபோக நெல்லை வெட்டி விற்று அவர்கள் எனக்குத் தரும்போது மாசி, பங்குனி ஆகிவிடுகிறது. கொழும்பு வழங்குநருக்கு நான் எழுதிக் கொடுத்த காசோலையோ அறுபதாவது நாளில் வங்கிக்குப் போய்விடும்.

இந்த ஆண்டு தைப்பொங்கலுக்கு மறுவாரம் நீண்டகால வாடிக்கையாளர் ஒருவரின் அறுவடை இயந்திரம் உருத்திரபுரம் வயலில் முழங்கால் சேற்றுக்குள், சில்லுக்குப் பதிலாக ஓடும் இறப்பர் பட்டியான ட்ராக் அறுந்து நின்றுவிட்டது. என்னிடம் ட்ராக் இருக்கவில்லை. வாங்கி வைக்க வேண்டிய காசு, விற்காமல் நின்ற மூன்று ரொட்டவேற்றர்களுக்குள் முடங்கியிருந்தது. இரண்டு நாள் கழித்து வவுனியாவிலிருந்து ட்ராக் வந்து சேர்வதற்குள் மழை பெய்து, விளைந்த கதிர் சாய்ந்து தண்ணீரில் படிந்துவிட்டது. அவர் என்னிடம் ஒரு சொல்லும் கடிந்து பேசவில்லை. அதுதான் எனக்கு மிகவும் வேதனையாக இருந்தது. கணக்கில் உள்ளதற்கு மேல் வங்கி எடுக்க விடும் மேலதிகப் பற்றை நம்பியே இந்தத் தொழிலை நடத்துவது சரியா, அல்லது வேறு வழி இருக்கிறதா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

பதில் – வவுனியா, ஓய்வுபெற்ற வங்கிக் கடன் அலுவலர்

ஐயா, ஆண்டு முழுவதும் எல்லையைத் தொட்டபடியே நிற்கும் மேலதிகப் பற்றைப் பார்க்கும் எந்தக் கடன் அலுவலரும், இவருடைய தொழில் நட்டத்தில் ஓடுகிறது என்றே எண்ணுவார். போகத்தோடு ஏறி, போகத்தோடு இறங்கும் கணக்கை அவர் வேறு விதமாகப் பார்ப்பார். ஆகவே கடந்த மூன்று ஆண்டுகளின் வரவையும் செலவையும் மாதவாரியாக ஒரே தாளில் எழுதிக் கொண்டுபோய், ஆவணியில் எடுத்துச் சித்திரைப் புத்தாண்டுக்கு முன் முழுவதும் அடைக்கும் குறுங்காலக் கடனாக மாற்றித் தரும்படி கேளுங்கள். சொன்னபடி ஒருமுறை அடைத்துக் காட்டினால் அடுத்த ஆண்டு நீங்கள் விளக்க வேண்டியிராது.

அந்த மூன்று ரொட்டவேற்றர்களுக்கும் ஒரு கணக்குப் பாருங்கள். 10 இலட்சம் ரூபாய்ப் பொருள், ஆண்டு வட்டி நூற்றுக்கு 14 வீதம் என்று வைத்துக்கொண்டால், ஐந்து மாதம் கடையில் நின்றதற்கு வட்டி மட்டும் ஏறத்தாழ 58,000 ரூபாய். வழங்குநர் தருவதாகச் சொன்ன விலைக்கழிவுக்காக நீங்கள் கூடுதலாக எடுத்திருந்தால், அந்தக் கழிவை வட்டி தின்றிருக்கும். நிறுவனம் விலையைக் கட்ட, அதைத் தவணையில் அடைக்கும் லீசிங்கில் வாங்கக்கூடியவரை லீசிங் நிறுவனத்திடம் அனுப்பிவிடுங்கள். அவர்களுடைய காசு உங்கள் கைக்கு விரைவில் வரும். தவணையை அறவிடும் வேலையும் உங்களுடையதல்ல.

பதில் – முருங்கன், மன்னார் மாவட்டம், இயந்திர விற்பனையாளர்

மேலே சொன்ன கணக்கு சரியானதே. ஆயினும் இருப்பே வைக்கக் கூடாது என்று அதைப் புரிந்துகொள்ளக் கூடாது. 2022 பங்குனித் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர், வைகாசியில் 360 ரூபாயை எட்டியபோது, பழைய விலையில் வாங்கிய உதிரிப்பாகம் கையில் இருந்தவர்களே கடையைத் திறந்து வைத்திருந்தார்கள். நானும் அவர்களில் ஒருவன். என்னைக் காத்தவை பெல்ட், பெயரிங், பில்டர், ரொட்டவேற்றர் கத்தி போன்ற சிறிய பொருட்கள். முழு இயந்திரத்தை, முற்பணம் வாங்கிய பிறகே நான் இறக்குகிறேன். அறுவடைக்கு வேண்டிய பாகங்களைக் கார்த்திகைக்குள் வாங்கி முடித்துவிடுகிறேன்.

இன்னொன்று, குளத்தைப் பாருங்கள். இங்கே கட்டுக்கரைக்குளத்திலும் உங்கள் இரணைமடுவிலும் கோடையில் செய்யும் சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்பது குளத்தில் நிற்கும் தண்ணீரைப் பொறுத்துப் கமக்காரரும் அதிகாரிகளும் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்திலேயே முடிவாகிறது. காலபோகத்தில் 20,000 ஏக்கருக்கு மேல் விதைக்கும் இரணைமடுவின் கீழ் சிறுபோகம் பாதியாகக் குறைந்தால், ஆவணியில் உங்களுக்கு வர வேண்டிய காசும் அதே அளவில் குறையும். அதைச் சித்திரையிலேயே அறிந்துகொள்ளலாம்.

திருத்தக வருமானத்துக்கு மார்கழியை நம்பாதீர்கள். வைகாசி, ஆனி மாதங்களில் அறுவடை இயந்திரங்களைக் கழற்றிப் பார்த்து, தேய்ந்ததை எழுதிக் கொடுத்து, கூலியில் ஒரு பகுதியை அப்போதே வாங்கிக்கொள்ளுங்கள். என்னுடைய இரண்டு மெக்கானிக்குகளின் சம்பளத்தை அந்த வேலைதான் சுமக்கிறது.

பதில் – மல்லாவி, கமக்காரர்

நான் கடன் வாங்கும் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் வயலில் நெல் வெட்டிய நாளும் காசு கைக்கு வரும் நாளும் ஒன்றல்ல. அரசின் நெல் சந்தைப்படுத்தும் சபை ஈரப்பதன் 14 வீதத்துக்குள் உள்ள நெல்லையே, அரசு அறிவிக்கும் உத்தரவாத விலைக்கு எடுக்கும். 2025 மாசியில் நாடு வகை நெல்லுக்குக் கிலோ 120 ரூபாய் என்று அறிவித்தபோதும், காயவைக்கத் தளமில்லாதவர் ஈரநெல்லை வயல் வரம்பிலேயே வியாபாரிக்குக் குறைந்த விலையில் கொடுத்துவிட்டார். காயவைத்து விற்பவருக்குக் காசு பிந்தி வரும், ஆனால் கூடுதலாக வரும். உங்களிடம் கடன்பட்டவர் இவர்களில் யார் என்று கேட்டு, அவருக்கென ஒரு திகதி குறித்தால், வீட்டு வாசலுக்கு மூன்று முறை அலைய வேண்டியதில்லை.

காசு வந்ததும் முதலில் அடகு வைத்த நகையை மீட்போம். அதன்பின் உரக்கடை. இயந்திரக் கடைக்காரர் பொறுப்பார் என்ற எண்ணத்தில் அவரைக் கடைசியில் வைக்கிறோம். இது நியாயமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு போகமும் செய்பவரிடம் கடனைப் பங்குனிக்கும் புரட்டாதிக்கும் இரண்டாகப் பிரித்துக் கேளுங்கள். 2021இல் இரசாயன உரத்தை நிறுத்தியதால் அடுத்த காலபோகத்தில் விளைச்சல் விழுந்தபோது, முழுத் தொகையையும் ஒரே போகத்தில் கட்ட ஒப்புக்கொண்டவர்கள் எழும்ப முடியாமல் போனார்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்றிரவு கடன் கொப்பியை எடுத்து ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவர் ஈரநெல் விற்பவரா, காயவைத்து விற்பவரா, சிறுபோகம் செய்பவரா என்று எழுதத் தொடங்கினேன். நாற்பத்தொரு பெயர்களில் பதினெட்டுப் பேருக்குத்தான் எனக்கு விடை தெரிந்திருந்தது. மற்றவர்களை இந்தக் கிழமையே நேரில் கண்டு கேட்கப் போகிறேன். ரொட்டவேற்றர்களில் இரண்டைத் திருப்பி எடுத்து, அதே பெறுமதிக்கு உதிரிப்பாகம் தரும்படி வழங்குநருக்குக் கடிதம் அனுப்பியிருக்கிறேன். அவர் சம்மதித்தால் முதலில் வாங்குவது இரண்டு சோடி ட்ராக்.